மேஸ்திரிக்கு முதற்பயிற்சி

சென்ற ஆண்டு ஆய்வு வேலையாகத் தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு நெசவாளர் சங்கத்தின் சாயப்பட்டறைக்குச் சென்றிருந்தேன். சங்கத்தின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அங்கே கண்டதை வேறிடங்களிலும் கண்டிருக்கிறேன். ரொக்கப் புத்தகம், நூல் இருப்பு, பங்குக் கணக்கு ஆகியவற்றைப் பார்த்து முடித்தபின், காரியதரிசி அவர்கள் நான் கேட்காமலேயே ஒரு புதிய பதிவேட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அட்டையில் ‘பாதுகாப்புப் பயிற்சி’ என்று எழுதியிருந்தது. உள்ளே ஒரே தேதியில் 19 கையெழுத்துக்கள். அவற்றுள் நான்கு ஒரே கையினால் இடப்பட்டவை என்பதைக் கண்டுகொள்ளப் பெரிய திறமை வேண்டியதில்லை. கையெழுத்துப் பார்ப்பதே என் பிழைப்பு. அன்று நடந்த பயிற்சி யாதெனில், வெளியிலிருந்து ஒருவர் வந்து, ஒரு தகரத் தட்டில் பெட்ரோலைக் கொளுத்தி, அதைத் தீயணைக்கும் கருவியால் அணைத்துக் காட்டி, மணல் வாளியின் பயனையும் விளக்கிவிட்டு, முக்கால் மணி நேரத்தில் விடைபெற்றார் என்பதே.

பிறகு பட்டறையைச் சுற்றிப் பார்த்தேன். வேலைக்கு வந்து இரண்டு மாதமே ஆன ஓர் இளைஞர், வாளியில் காஸ்டிக் சோடாச் செதில்களைக் கொட்டி வைத்துக்கொண்டு, அதன்மேல் செம்பினால் தண்ணீர் ஊற்றப் போனார். நான் பதறி அவர் கையைப் பிடித்தேன். தண்ணீரில் அல்லவா இதைப் போட வேண்டும், இதன்மேல் தண்ணீரை ஊற்றலாமா என்று கேட்டதற்கு, அவர் மறுமொழி கூறாமல் மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தார். மேஸ்திரி சிரித்தார். “இருபது வருஷமா இப்படித்தான் சார் கரைக்கிறோம்” என்றார். அப்படிச் சொன்னவருடைய இடது முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சுருங்கி வெளுத்திருந்தது. அது எப்படி வந்தது என்று கேட்டேன். “அது ஒரு தடவை தெறிச்சுது சார்” என்றார், மிகவும் சாதாரணமாக.

சாய வேலை அறியாத அங்கத்தினர்களுக்காகக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். காஸ்டிக் சோடா நீரில் கரையும்போது கடுமையான வெப்பம் எழுகிறது. நிறைய நீரில் சிறிது சிறிதாக அதைப் போட்டுக் கிளறினால் அவ்வெப்பம் நீர் முழுவதிலும் பரவி அடங்கிவிடும். மாறாக, குவியலாய் இருக்கும் செதிலின்மேல் கொஞ்சம் நீரை ஊற்றினால், ஊற்றிய இடத்திலேயே நீர் கொதித்துக் காரத்தோடு மேலே தெறிக்கும். அது கண்ணில் பட்டால் பார்வை போய்விடக் கூடும். பட்ட இடத்தை உடனே ஓடும் தண்ணீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவுவதே முதலுதவி. காரத்துக்கு மாற்று என்று எலுமிச்சைச் சாற்றையோ காடியையோ தேய்ப்பது புண்ணை அதிகப்படுத்தும். இவ்வளவும் ஒரு பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுக்கக் கூடியவை. அந்தப் பட்டறையில் எவரும் எவருக்கும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் அங்கே பார்த்தேன். தொட்டிச் சாயத்துக்கு நாம் பயன்படுத்தும் ஹைட்ரோஸ் என்னும் வெள்ளைத் தூள் ஒரு மூலையில் மூடி சரியாகப் பொருந்தாத டப்பாவில் இருந்தது. அதற்கு நேர்மேலே கூரை ஓட்டில் விரிசல். ஹைட்ரோஸில் சிறிது ஈரம் பட்டாலே தானாகச் சூடேறித் தீப்பற்றும். மூச்சை அடைக்கும் கந்தகப் புகையும் அதிலிருந்து கிளம்பும். அப்படிப் பற்றிய தீயை எப்படி அணைப்பீர்கள் என்று மேஸ்திரியைக் கேட்டேன். அவர் உடனே சுவரில் தொங்கிய மணல் வாளியைக் காட்டினார். பயிற்சி கொடுத்தவர் சொல்லியதை அவர் மறக்கவில்லை! ஆனால் இந்தத் தூள் எரிவதற்கு வெளிக்காற்றுத் தேவையில்லை. ஆகையால் மணலைக் கொட்டி மூடினால் அது அடங்குவதில்லை, உள்ளேயே எரியும். புகையை மூச்சில் வாங்காமல் எட்ட நின்று மிகுதியான தண்ணீரை விடாமல் பாய்ச்சித்தான் அதை நிறுத்த வேண்டும். சிறிது நீர் தீயை உண்டாக்கும், பெருநீர் அதை அணைக்கும் என்னும் இந்த விபரீத குணத்தை அறியாதவன், எவ்வளவு ஊக்கத்தோடு மணல் வாளியைத் தூக்கி ஓடினாலும் பயனில்லை. பெட்ரோல் தீயைப் பற்றிய நல்ல பாடம் ஒன்று, பெட்ரோலே இல்லாத ஒரு பட்டறையில் நடத்தப்பட்டிருக்கிறது. பதிவேட்டின்படி அச்சங்கம் பயிற்சி பெற்ற சங்கம்.

இந்த அனுபவமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. தொழிலாளிக்கும் மேற்பார்வையாளருக்கும் பாதுகாப்புப் பயிற்சி அளிக்க வேண்டும் என்பதை இப்போது மறுப்பவர் எவரும் இல்லை. எந்தப் பயிற்சி, எவருக்கு முதலில், எவர் செலவில் என்பவற்றில்தான் நாம் தவறிழைக்கிறோம் என்பது என் கருத்து.

விபத்து என்றவுடன் தலைவிதி என்று சொல்லிவிடும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. படித்தவர்கள் அதைச் சற்று மாற்றி, ‘தொழிலாளியின் கவனக் குறைவு’ என்பார்கள். இரண்டும் ஒன்றுதான், ஏனெனில் இரண்டும் விசாரணையை அத்துடன் முடித்துவிடுகின்றன. நம் சுற்றுவட்டாரத்தில் அண்மை ஆண்டுகளில் நடந்தவற்றையே எடுத்துக்கொள்வோம். 2014 ஜூன் 28 அன்று மாலை மௌலிவாக்கத்தில் கட்டி முடியும் நிலையிலிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 61 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் தென்மாவட்டங்களிலிருந்தும் கூலிக்கு வந்தவர்கள். 2015 ஜனவரி 31 விடியுமுன் ராணிப்பேட்டை சிப்காட்டில், தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்பட 10 பேர் இறந்தனர். பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் தோல் தொழிலைப் பார்த்து வளர்ந்த நமக்கு அச்செய்தி எவ்வளவு நெருங்கியது என்று சொல்ல வேண்டியதில்லை. குரோம்பேட்டைக்குப் பெயரைக் கொடுத்ததே அத்தொழில்தானே!

இவ்விரண்டு நிகழ்ச்சிகளிலும் மாண்டவர்களுக்கு எந்தப் பயிற்சி கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார்கள்? உறங்குகிறவனுக்கு என்ன பயிற்சி? கலவை சுமந்தவளுக்குத் தூணின் வலிமையைக் கணக்கிடும் பொறுப்பு உண்டா? இல்லை. தொட்டி அளவுக்கு மீறி நிரம்புகிறதா, அதன் அடியில் மனிதர் படுக்கிறார்களா, கட்டடத்தின் அடித்தளமும் தூணும் அதன் பாரத்தைத் தாங்குமா என்று பார்க்க வேண்டியவர்கள் மேலே இருந்தவர்கள். ஆகவே பாதுகாப்புப் பயிற்சி என்பதைத் தொழிலாளிக்கு மட்டும் உரியதாக ஆக்குவது, பல சமயங்களில், குற்றத்தை இறந்தவன் தலையில் ஏற்றுவதற்கு முன்கூட்டியே செய்துகொள்ளும் ஏற்பாடாக முடியும் என்பதை நாம் உணர வேண்டும்.

வேறு வகையான விபத்துக்களும் உண்டு. 2010 அக்டோபர் 31 அன்று ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி செய்யும் ஒரு பெரிய தொழிற்சாலையில், இருபது வயதைச் சற்றே கடந்த ஒரு பெண் தொழிலாளி, பலகைகளை ஏற்றும் இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்தார். இத்தகைய இடங்களில் தொழிலாளியின் கை, அறிவு, பழக்கம் ஆகியவை உயிரைக் காக்கக் கூடும். ஓடும் இயந்திரத்தினுள் கையையோ தலையையோ விடக் கூடாது, முதலில் மின்விசையை நிறுத்த வேண்டும் என்பது பாலபாடம். ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. நிறுத்தினால் உற்பத்தி குறையும், அதற்கு மேற்பார்வையாளர் கோபிப்பார் என்ற அச்சம் இருக்கும் ஆலையில், அப்பாடத்தைக் கற்ற தொழிலாளி விசையை நிறுத்துவாரா? இது எந்தக் குறிப்பிட்ட ஆலையையும் பற்றிய குற்றச்சாட்டல்ல. நம் விசைத்தறிக் கூடங்களிலேயே இதைக் காணலாம். நாடா வெளியே பறக்காமல் தடுக்கும் கம்பித் தடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுகிறார்கள். அறுந்த நூலை முடிவதற்கு அது இடைஞ்சலாம். கழற்றியவர் தொழிலாளி. கழற்றியதைப் பார்த்தும் பாராதவர் போல் போனவர் மேஸ்திரி. தீபாவளிக்கு முன்னே சரக்கு அனுப்ப வேண்டும் என்று மேஸ்திரியை நெருக்கியவர்கள், மன்னிக்கவும், டைரக்டர்களாகிய நாம்.

ஆகையினால்தான் மேஸ்திரிக்கு முதற்பயிற்சி என்கிறேன். தொழிலாளி எதைக் கற்றாலும், அதைச் செய்வதற்கு அனுமதி கொடுப்பவரும் கொடுக்க மறுப்பவரும் மேஸ்திரியே. புதிதாக வந்தவன் பதிவேட்டைப் பார்த்துத் தொழில் கற்பதில்லை. மேஸ்திரியின் கையைப் பார்த்துக் கற்கிறான். அந்தக் கை 20 வருஷமாகத் தவறாகக் கரைத்திருந்தால், 19 பேர் அல்ல, 20 வருஷத்தில் அப்பட்டறைக்கு வந்துபோன அத்தனை பேரும் தவறாகவே கற்றிருக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்லுகிறது என்று கேட்கலாம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சுழலும் சக்கரங்களுக்குத் தடுப்பு, வெளியேறும் வழி, முதலுதவிப் பெட்டி ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. பயிற்சியைப் பற்றி அது அதிகம் பேசவில்லை. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு போபாலில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானவர் மாண்ட பிறகுதான் 1987-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. அபாயம் மிகுந்த தொழில்களில் மேற்பார்வை செய்பவர் அதற்குரிய தகுதியும் அனுபவமும் உடையவராய் இருக்க வேண்டும். தொழிலாளிக்குத் தன் வேலையின் அபாயங்களை அறியவும் அதற்குப் பயிற்சி பெறவும் உரிமை உண்டு என்பவை அத்திருத்தத்தால் வந்தவை. மேற்பார்வையாளரையும் தொழிலாளியையும் ஒரே திருத்தத்தில் சேர்த்தது கவனிக்கத் தக்கது. அவ்வளவு பேரைப் பலி கொடுத்த பின்பே அந்த அறிவு வந்தது என்பதும் கவனிக்கத் தக்கதே.

இப்போது அச்சட்டத்தின் இடத்தில், 2020-இல் நிறைவேறிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் வந்திருக்கிறது. பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்பதற்கு முன்பு 1,000 தொழிலாளர் என்று இருந்த அளவு, சாதாரணத் தொழிற்சாலைகளுக்கு 500 ஆகக் குறைந்திருக்கிறது. இது நல்ல மாற்றம். ஆனால் நமது அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. முன்பு மின்விசையோடு 10 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை. இப்போது 20 பேர் வேண்டும். மின்விசை இல்லாத இடத்தில் 20 என்றிருந்தது இப்போது 40. நமது சாயப்பட்டறைகளையும் பாவு ஓட்டும் கூடங்களையும் எண்ணிப் பாருங்கள். எத்தனை இந்த அளவை எட்டும்? தன் வீட்டுத் திண்ணையில் மனைவியோடு தறி போட்டிருக்கும் நெசவாளியும், மணிமங்கலத்திலோ படப்பையிலோ அரை ஏக்கரில் கீரையும் கத்தரியும் போடும் உழவரும் எந்தத் தொழிற்சாலைச் சட்டத்தின் கண்ணிலும் ஒருபோதும் பட்டதில்லை. சட்டம் வந்து நம்மைக் காக்கும் என்று காத்திருப்பதற்கு இடமில்லை. சங்கம் செய்தால் உண்டு.

உழவர் அங்கத்தினர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அவர்களுக்கு மேஸ்திரி இல்லை. வயலில் அவர்களே எஜமான், அவர்களே கூலி. அப்படியானால் முதற்பயிற்சி யாருக்கு? சங்கத்தின் உரக்கடையில் பூச்சிமருந்தை எடுத்துக் கொடுக்கும் விற்பனையாளருக்கு என்பது என் விடை. டப்பாவைக் கையில் கொடுக்கும் அந்த ஒரு நிமிடத்தில் அவர்தான் மேற்பார்வையாளர். டப்பாவின் மேலிருக்கும் முக்கோணத்தின் நிறத்தைக் காட்டி, சிவப்பு மிகக் கொடிய விஷம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை என்று அவர் சொல்லலாம். பயிருக்குப் போதுமான மருந்துகளுள் கொடுமை குறைந்ததை எடுத்துக் கொடுக்கலாம். காற்று வீசும் திசைக்கு எதிரே நின்று தெளிக்காதீர்கள், அடைத்துக்கொண்ட தெளிப்பான் முனையை வாயால் ஊதாதீர்கள், நனைந்த சட்டையோடு வீட்டுக்குப் போகாதீர்கள், மயக்கம் வந்தால் ஆஸ்பத்திரிக்கு டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள் என்று கூறலாம். டப்பாவோடு சேர்த்து வரும் துண்டுப் பிரசுரத்தில் இவை அச்சிடப்பட்டே இருக்கின்றன. ஆனால் அந்த எழுத்தின் சிறுமையைப் பார்த்தால், படிப்பதற்காக அச்சிட்டார்களா, படிக்காமல் இருப்பதற்காக அச்சிட்டார்களா என்று ஐயம் தோன்றுகிறது.

இந்த நாட்டில் பூச்சிமருந்துக்கென்று ஒரு சட்டம் வந்த வரலாறும் கசப்பானதே. 1958-இல் கேரளத்தில், கப்பலில் பூச்சிமருந்தோடு சேர்த்து ஏற்றிவந்த கோதுமை மாவை உண்டு நூற்றுக்கு மேற்பட்டவர் இறந்தனர். அதன் விளைவாக எழுந்த விசாரணையின் தொடர்ச்சியே 1968-ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டம். அச்சட்டம் வந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்த உழவரும் கூலியாட்களும் இருபதுக்கு மேற்பட்டவர் மாண்டனர். சட்டம் இருந்தது, முக்கோணமும் இருந்தது. வயலுக்கும் கடைக்கும் இடையே சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தாரா என்பதுதான் கேள்வி.

நம் வீட்டு வாசலிலேயே நடந்ததைச் சொல்லுகிறேன். 2024 நவம்பரில் குன்றத்தூருக்கு அருகே ஒரு குடியிருப்பில், எலித்தொல்லைக்காகப் பூச்சி ஒழிப்பு நிறுவனம் ஒன்றின் ஆட்கள் மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். அன்றிரவு அவ்வீட்டில் உறங்கிய இரு சிறு குழந்தைகள் இறந்தனர்; பெற்றோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். மருந்திலிருந்து எழுந்த நச்சுக் காற்றே காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. குன்றத்தூர்ப் பக்கத்தில் நமது நெசவாளர் குடும்பங்கள் பல இருக்கின்றன. அந்தச் செய்தி வந்த வாரம் நான் சென்ற வீடுகளிலெல்லாம் அதே பேச்சுத்தான்.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், நமது சங்கக் கிடங்குகளிலும் தானியத்துக்கு வண்டு பிடிக்காமல் இருக்க அலுமினியம் பாஸ்பைடு வில்லைகளை வைக்கிறோம். காற்றிலுள்ள ஈரம் பட்டவுடன் அவ்வில்லை பாஸ்பீன் என்னும் கொடிய வாயுவை விடுகிறது. 3 கிராம் வில்லை ஒன்றிலிருந்து 1 கிராம் வாயு கிளம்பும். அவ்வாயுவுக்கு மாற்று மருந்து என்று தனியாக ஒன்றும் இல்லை. பூண்டு அல்லது அழுகிய மீன் போன்ற நாற்றம் வந்தால் ஓடிவிடலாம் என்று நம்பியிருப்பதும் பிழை. நாற்றம் தெரியாமலே கேடு நேரலாம். இதனால்தான் இவ்வில்லையைப் பொதுமக்களுக்கு விற்பதைத் தடைசெய்து, அரசு நிறுவனங்களுக்கும் பயிற்சி பெற்ற பூச்சி ஒழிப்பாளருக்கும் மட்டுமே கொடுக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். ஆனால் நான் பார்த்த கிடங்கு ஒன்றில், மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடி வில்லை வைத்திருந்த அதே கட்டடத்தின் தாழ்வாரத்தில், இரவுக் காவல்காரர் பாய் விரித்துப் படுத்திருந்தார். உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். “ஏதோ வண்டு மருந்துன்னாங்க” என்றார். கிடங்கு மேற்பார்வையாளருக்கு எல்லாம் தெரியும். வில்லையின் கணக்கை அவர் ஒன்று குறையாமல் எழுதி வைத்திருந்தார். காவல்காரரிடம் சொல்ல வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. ஏனெனில் அதைச் சொல்வது அவருடைய வேலை என்று அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

கிணறு, கழிவுநீர்த் தொட்டி, சாயக் கழிவுத் தொட்டி ஆகியவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. இவற்றில் முதலில் இறங்கி மயங்கியவனைத் தூக்கப் போய் இரண்டாமவனும் மூன்றாமவனும் மடிவதை ஆண்டுதோறும் படிக்கிறோம். பின்னே இறங்கியவர்கள் அன்பினால் இறங்கியவர்கள். அண்ணன், தம்பி, உடன் வேலை செய்பவன். அன்பைப் பயிற்சியால்தான் தடுத்து நிறுத்த முடியும். மேலே இருந்தபடியே கயிற்றால் இழுக்க வழியில்லாமல் எவரும் இறங்கக் கூடாது; விழுந்துவிட்டால் தீயணைப்புப் படை வரும்வரை இன்னொருவர் இறங்கக் கூடாது. இதை வாயால் சொன்னால் தலையாட்டுவார்கள், அந்த நேரத்தில் இறங்கிவிடுவார்கள். ஆகையால் தொட்டியின் வாயிலேயே நின்று, ஆண்டுக்கு இரண்டு முறையாவது, ஒருவர் விழுந்ததாகப் பாவித்து நடித்துப் பழக வேண்டும். கழிவுநீர்த் தொட்டியில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்விப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் சங்கத் தலைவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

பயிற்சிக்குச் செலவு யார் செய்வது என்பதே டைரக்டர்கள் கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி. அது நியாயமான கேள்விதான். நெசவாளிக்குக் கூலி துணிக்கு; மணிக்கு அல்ல. ஒரு மணி நேரம் அவரைப் பயிற்சிக்கு அழைத்தால் ஒரு மணி நேரக் கூலியை அவர் இழக்கிறார். கூலியை இழந்து வந்து உட்கார்ந்தவர் கடிகாரத்தைப் பார்ப்பாரே தவிரப் பாடத்தைப் பார்க்க மாட்டார். அடுத்த முறை கையெழுத்தை மட்டும் அனுப்பி வைப்பார். ஆகவே அந்த ஒரு மணி நேரத்துக்குச் சங்கம் கூலி கொடுத்தே ஆக வேண்டும். பணம் எங்கே என்றால், லாபம் காணும் சங்கங்கள் தம் நிகர லாபத்திலிருந்து கூட்டுறவுக் கல்வி நிதிக்கு ஆண்டுதோறும் பங்கு செலுத்துகின்றன. அந்நிதியின் பெயரால் மாநாடுகளும் விழாக்களும் நடக்கின்றன. அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூட்டுறவுத் தத்துவத்தை அங்கத்தினர்கள் அறிய வேண்டியதுதான். ஆனால் தன் கண்ணைக் காத்துக்கொள்ளக் கற்பதும் கல்வியே அல்லவா? 1844-இல் ராச்டேல் நகரில் நம் இயக்கத்துக்கு வித்திட்ட முன்னோடிகளில் கம்பளி நெசவாளர்கள் பலர். அவர்கள் பின்னர் தம் உபரியில் 100-க்கு இரண்டரை வீதம் கல்விக்கென்று ஒதுக்கினார்கள். நூலகமும் வாசகசாலையும் அதனால் வளர்ந்தன. நமது கல்வி நிதியில் ஒரு பங்கைப் பயிற்சி நேரத்துக் கூலிக்கும், மேஸ்திரிகளை வெளியே அனுப்பிக் கற்பிக்கவும் செலவிட இடம் வேண்டும் என்று கூட்டுறவு ஒன்றியத்தைக் கேட்கும் தீர்மானத்தைச் சங்கங்கள் தம் பொதுக்குழுவில் கொண்டுவரலாம். நஷ்டத்தில் ஓடும் சங்கங்களுக்கே இப்பயிற்சி அதிகம் தேவைப்படுவதால், ஒன்றியத்தின் உதவி இன்றியமையாதது.

வெளியே அனுப்ப வெகுதூரம் போக வேண்டியதும் இல்லை. தரமணியில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் இருக்கிறது. அபாயத் தொழில்களின் மேற்பார்வையாளருக்கென்று ஒரு மாதப் பயிற்சியை நடத்தும் நிலையம் அது. தாம்பரத்திலிருந்து ஒரு பஸ் பயண தூரத்தில் இருக்கும் அதன் வாயிலை நம் வட்டாரத்துச் சங்கங்களில் எத்தனை காரியதரிசிகள் பார்த்திருப்பார்கள்? தாம்பரத்து ஏற்றுமதி வளாகம் 1984 முதல் நம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கேயுள்ள பெரிய ஆலைகளில் பயிற்சி பெற்ற பாதுகாப்பு அதிகாரிகள் இருப்பார்கள். அவர்களில் ஒருவரை ஒரு சனிக்கிழமை அழைத்து, பெட்ரோல் தட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லி, நம் பட்டறையைச் சுற்றிக் காட்டி, இங்கே எது எங்களைக் கொல்லக் கூடும் என்று கேட்பதில் வெட்கமில்லை.

மார்ச் 4-ஆம் தேதி தேசியப் பாதுகாப்பு நாள் என்று 1972 முதல் கொண்டாடுகிறோம். 1966-இல் அதே நாளில் தேசியப் பாதுகாப்புக் குழு நிறுவப்பட்டதன் நினைவு அது. அன்று சட்டையில் பச்சை அட்டை குத்திக்கொண்டு, உறுதிமொழி படித்து, இனிப்பு வழங்குவது பல இடங்களில் வழக்கம். இனிப்பில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சாயத்தொட்டி ஆண்டு முழுவதும் கொதிக்கிறது. புதிதாக ஒருவன் வேலைக்கு வரும் நாளே அவனுக்குப் பாதுகாப்பு நாள்; முதல் வாரத்தில் அவனைத் தனியே விடாமல், கற்றுத் தேர்ந்த ஒருவரின் பக்கத்திலேயே நிறுத்தி வைப்பது எந்த உறுதிமொழியையும் விடப் பெரியது. இப்போது நம் பட்டறைகளுக்கும் கிடங்குகளுக்கும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்குத் தமிழில் எழுதிய எச்சரிக்கைப் பலகை வெறும் சுவர்ச் சித்திரமே. அவர்களில் சற்று முன்னே வந்தவனைக் கொண்டு அவர்கள் மொழியிலேயே சொல்லிக்கொடுக்கச் செய்ய வேண்டும்; பிறகு சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லாமல், செய்து காட்டச் சொல்ல வேண்டும்.

வீட்டுத் தறிகளிலும் தார் சுற்றுவதற்குச் சின்ன மோட்டார்கள் வந்துவிட்டன. அவற்றின் வாரும் சக்கரமும் திறந்தே கிடக்கின்றன. முந்தானையும் பின்னலும் அவற்றுக்கு ஒரு சாண் தொலைவில். ஒரு தகரத் துண்டை வளைத்து ஆணியடித்தால் தடுப்பு ஆயிற்று. மோட்டாருக்குக் கடன் கொடுக்கும் சங்கம், தடுப்பு இருக்கிறதா என்று பார்த்தபின் கடனைக் கொடுத்தால் என்ன? கடன் மனுவில் ஒரு வரி கூடுதலாகும், அவ்வளவே. இதை நான் என் மேலதிகாரிகளுக்கும் எழுதியிருக்கிறேன்.

முதலிற் சொன்ன சாயப்பட்டறைக்கு நான்கு மாதம் கழித்து மறுபடியும் சென்றேன். பதிவேட்டில் புதிய தேதியில் மூன்றே கையெழுத்துக்கள் இருந்தன. மூன்றும் வேறு வேறு கைகள். காரியதரிசி சற்றுக் கூச்சத்தோடு, ஒருவர் ஒருவராகத்தான் மேஸ்திரி சொல்லிக்கொடுக்கிறார், இன்னும் மற்றவர்கள் முறை வரவில்லை என்றார். ஹைட்ரோஸ் டப்பா விரிசலுக்கு அடியிலிருந்து நகர்ந்து, தரையிலிருந்து ஓர் அடி உயரப் பலகைமேல் ஏறியிருந்தது. கூரை அப்படியேதான் இருந்தது. மேஸ்திரி என்னைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டார். மழையில் ஈரம் பட்டுக் கட்டி தட்டிப்போன பழைய ஹைட்ரோஸ் டப்பா ஒன்றைக் கொல்லையில் வைத்திருக்கிறார்கள். அதைக் குப்பையில் கொட்டுவதா, புதைப்பதா, நீரில் கரைத்துவிடுவதா? எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு, அதுவரை அதன் பக்கத்தில் எவரையும் விட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். தரமணி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இப்பத்திரிகைக்கு அனுப்பிவைக்கிறேன். அதே டப்பா வேறு கொல்லைகளிலும் இருக்கக் கூடும்.